இரவல் போகாத பிரதி: மின்வாசிப்பான் குறித்துச் சில குறிப்புகள்

அயனம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடியில் சென்ற மாதம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினோம். நின்றுபோய்ப் பல வருடங்களான ஒரு சிற்றிதழின் பழைய இதழ்களை என்ன செய்வது என்பதுதான் பேச்சு. மொத்தம் வந்ததே பதினேழு இதழ்கள். எதுவும் ஐந்நூறு பிரதிக்கு மேல் அச்சானதில்லை. நண்பரிடம் இருந்த முழுத்தொகுப்பு 2015 டிசம்பர் மழையில் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறியபோது அட்டைப்பெட்டியோடு ஊறிப்போனது. காயவைத்து எடுத்ததில் பாதி, தாளோடு தாள் ஒட்டிச் செங்கல்லாகிவிட்டது. மீதியை அங்கங்கே கேட்டு வாங்கிச் சேர்த்திருக்கிறோம்.

"கிண்டில்ல ஏத்திடலாம் தோழர். காகிதச் செலவு இல்ல, தபால் செலவு இல்ல. டொராண்டோவுல இருக்கறவரும் படிப்பார், ஆவடியில இருக்கறவரும் படிப்பார்" என்றார் கணினித்துறையில் வேலை பார்க்கும் இளம் தோழர். மூத்த கவிஞர் ஒருவர் உடனே சூடாகிவிட்டார். "புத்தகம்னா கையில புடிக்கணும்யா. அந்த வாசனை வரணும். சிலேட்டைத் தடவித் தடவிப் படிக்கறதெல்லாம் ஒரு படிப்பா?" அப்புறம் ஒன்றரை மணிநேரம் இந்த இரண்டு கட்சிக்குள்ளேயே பேச்சு சுற்றியது. டீ வந்தது, கொசு வந்தது, முடிவு மட்டும் வரவில்லை.

கண்ணுக்கு நல்லதா, கைக்கு இதமா, விலை குறைவா, இடம் மிச்சமா என்றெல்லாம் கேட்டார்கள். இரவல் கொடுக்க முடியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நம் சூழலில் வாசிப்பு என்ற ஒன்று உயிரோடிருந்ததே இரவலால்தான். ஐந்நூறு பிரதி அச்சான இதழை ஐயாயிரம் பேர் படித்திருந்தால் அது கைமாறிப் போனதால் நடந்தது. மின்வாசிப்பானின் நன்மை தீமையை எடைபோடுவதென்றால் எடைக்கல்லாக இதைத்தான் வைக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

முதலில் அந்த வாசனை விஷயத்தை முடித்துவிடுகிறேன். இயந்திர மறுஉற்பத்தி வந்தபிறகு கலைப்பொருளைச் சுற்றியிருந்த ஒளிவட்டம் உதிர்கிறது என்று வால்டர் பெஞ்சமின் 1930களில் எழுதியது நம் சிற்றிதழ்ச் சூழலில் போதுமான அளவு மேற்கோள் காட்டப்பட்டுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அப்படி ஒளிவட்டத்தை உதிர்க்கவந்த அச்சுப் புத்தகத்துக்கே இப்போது ஒளிவட்டம் கட்டுகிறோம். அப்பா அலமாரியில் இருந்த பைண்டு வால்யூமின் வாசனை, மஞ்சள் தாளின் வாசனை. சரி, யாருடைய அப்பாவுக்கு அலமாரி இருந்தது? என் தலைமுறையில் பலருக்கு முதல் புத்தக வாசனை அரசு இலவசமாகக் கொடுத்த பாடநூலின் வாசனைதான். அதையும் அடுத்த வருடம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டோம். வாசனையை உடைமையாக்கி வைத்துக்கொள்ள வீட்டில் இடமில்லை. புத்தகத்தின்மீது எனக்கும் ஆசை உண்டு. அந்த ஆசையை ஒரு வாதமாக முன்வைக்கும்போதுதான் எரிச்சல் வருகிறது.

பக்கம் என்கிற வடிவம் சாசுவதமானதும் இல்லை. ஓலையில் செய்யுளை அடி பிரித்து எழுதவில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. புள்ளி பெரும்பாலும் கிடையாது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். ஓலையின் அகலம் தீர்ந்தால் அடுத்த வரி. சி.வை.தாமோதரம் பிள்ளையும் உ.வே.சாமிநாதையரும் ஏடுகளை ஒப்புநோக்கி, சீர் பிரித்து, அடி பிரித்து, 1880களில் தாளில் நிறுத்தியபிறகுதான் நமக்குப் பழக்கமான 'சங்கப் பாடல் பக்கம்', 'காப்பியப் பக்கம்' என்பதெல்லாம் வந்தன. சீவக சிந்தாமணி அச்சேறியது 1887இல். ஆக நாம் ஆதியென்று நினைக்கும் பக்கத்துக்கு வயது நூற்றுச் சொச்சம். கிண்டிலில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக உடைந்து அடுத்த வரிக்குப் போவது, ஒரு விதத்தில், ஓலைக்குத் திரும்புவதுதான்.

ஆனால் புதுக்கவிதைக்கு இது சாவுமணி. சீரும் தளையும் உள்ள செய்யுள் எங்கே உடைந்தாலும் காதில் மறுபடி கூடிக்கொள்ளும். புதுக்கவிதைக்கு வரி உடையும் இடம்தான் மூச்சு. கைப்பேசித் திரையில் மூன்று சொல்லுக்கு ஒருமுறை உடையும் கவிதையைப் படித்துவிட்டு, 'இவர் ஏன் இப்படி எழுதுகிறார்' என்று ஒரு வாசகர் என்னிடம் கேட்டார். கவிஞர் அப்படி எழுதவே இல்லை! மூத்த கவிஞரின் கோபத்தில் இவ்வளவு நியாயம் உண்டு. வாசனையைப் பேசாமல் இதைப் பேசியிருக்கலாம்.

*

இனி அந்தக் கருவியின் நிஜமான வரவு.

மின்மை என்று சொல்லும் அந்தத் திரையில் நுண்ணிய குமிழ்களுக்குள் கறுப்பும் வெள்ளையுமாக நிறமித் துகள்கள் இருக்கின்றன. மின்புலம் மாறினால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். பக்கம் மாறும்போது மட்டும்தான் மின்சாரம் செலவு. எழுத்து வந்து நின்றுவிட்டால் தாளில் நிற்பதுபோல நிற்கும். வெயிலில் வைத்தும் படிக்கலாம். ஒருமுறை மின்னேற்றினால் நாள்கணக்கில் வரும். இதையெல்லாம் மறுப்பது வீம்பு. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி அறுபதைத் தாண்டிய கண்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது, நம் சிற்றிதழ்கள் காகிதத்தை மிச்சம் பிடிக்க எட்டுப் புள்ளியில் அச்சடித்த கட்டுரைகளைப் படித்துக் கண் கெட்டவர்களுக்குத் தெரியும்.

இதைவிடப் பெரிய வரவு ஒன்றைச் சொல்ல வேண்டும். எம்.ஏ. தமிழ் படித்தபோது எங்களோடு பார்வையற்ற நண்பர் ஒருவர் படித்தார். தொல்காப்பிய உரையிலிருந்து தலித் நாவல் வரை எல்லாவற்றையும் நாங்கள் முறைபோட்டுக்கொண்டு அவருக்கு வாசித்தோம். நாங்கள் எதை வாசித்தோமோ அதுதான் அவருடைய நூலகம். எங்களுக்குச் சலிப்பு வந்தால் அவருடைய வாசிப்பு நின்றது. இப்போது அவர் ஆசிரியர். ஒருங்குறியில் தட்டச்சான எந்தப் பிரதியையும் திரைவாசிப்பான் மென்பொருளில் போட்டுக் காதால் வாசித்துவிடுகிறார். குரல் இயந்திரக்குரல்தான், "உங்க குரலைவிடப் பரவாயில்ல, பாதியில டீ குடிக்கப் போறதில்ல" என்கிறார். 2012இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூலை மாற்றிக்கொள்ள விதிவிலக்குத் தந்தார்கள். இதே நோக்கத்துக்காக 2013இல் உருவான மராகேஷ் உடன்படிக்கையை முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா, 2014இல். சட்டம் இருக்கிறது. ஆனால் பக்கத்தைப் படமாக வருடி வைத்த கோப்பு அவருக்கு வெறும் வெள்ளைத்தாள். பூட்டுப் போட்ட கோப்பு மூடிய கதவு. மின்னூல் என்ற ஒரே பெயரில் எத்தனை வேறுவேறு பொருள்களைக் கூப்பிடுகிறோம் என்பது அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் சட்டென்று தெரிகிறது.

இந்த வேறுபாட்டைத் தமிழ்ச்சூழல் ஏற்கனவே நடைமுறையில் கண்டுபிடித்திருக்கிறது என்பதுதான் விசேஷம். அமெசான் தன் கிண்டிலை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது 2007இல். அதற்கு ஏறத்தாழப் பத்து வருடம் முன்னமே, 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கு.கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிவிட்டார். நாடு நாடாகச் சிதறிக் கிடந்த தமிழர்கள், அலுவல் முடிந்து வந்து ராத்திரியில் உட்கார்ந்து இலக்கியங்களைத் தட்டச்சு செய்தார்கள். இன்னொருவர் பிழை திருத்தினார். யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். அப்போது தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியீட்டில் கிடந்தன. ஒரு கணினியில் அடித்தது இன்னொன்றில் பூச்சி பூச்சியாகத் தெரியும். டிஸ்கி என்று ஒரு பொதுக் குறியீடு, பிறகு ஒருங்குறி என்று ஒவ்வொரு படியாக மாற்றி ஏறி வந்திருக்கிறார்கள். 2013இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ், எழுதியவர்கள் பொது உரிமத்தில் கொடுத்த சமகால எழுத்தை இதே மாதிரி இலவச மின்னூல்களாக்கியது. ஒரு பெருநிறுவனமும் கேட்டுச் செய்த வேலையில்லை இதெல்லாம்.

ஈழத்தில் இதற்கு இன்னொரு அர்த்தம். 1981 மே கடைசியிலிருந்து ஜூன் தொடக்கத்துக்குள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. சுவடிகளும் போயின. அதன்பின் யுத்தம், இடப்பெயர்வு. பெட்டியில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓட யாருக்கு முடியும்? 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்கள், இதழ்கள், துண்டுப் பிரசுரங்கள், நினைவு மலர்கள்வரை வருடி எடுத்துப் பொதுவில் வைக்கிறது. எரிக்கப்பட்ட சமூகத்துக்கு மின்பிரதி வசதிக்கான சாதனம் இல்லை. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இனி எதையும் வைக்கமாட்டோம் என்கிற அரசியல் முடிவு அது. தாள் வாசனைக் கட்சி நண்பர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நம் பக்கத்தையே பாருங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994இல் ஆராய்ச்சி நூலகமாக அமைத்தபோது அது இருந்த இடம் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், முகப்பேரில். தமிழின் பழைய அச்சு நூல்களை நுண்படச் சுருள்களில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போது பள்ளிக்கூட வயதுகூட இல்லை. இந்த வட்டாரத்தில் பெரியவர்களுக்கும் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்பது சந்தேகம்தான். பிற்பாடு அது தரமணிக்குப் போனது. நுண்படச் சுருளைப் படிக்க ஒரு வெளிச்சமும் ஒரு வில்லையும் போதும். கடவுச்சொல் வேண்டாம், கணக்கு வேண்டாம். அடுத்துச் சொல்லப்போகும் சங்கதிக்கு இந்த ஒப்பீடு ஞாபகத்தில் இருக்கட்டும்.

*

2016 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழி நூல்கள் கிண்டில் கடைக்கு வந்தன. பதிப்பகங்களின் வாசலில் கையெழுத்துப் பிரதியோடு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் தாங்களே ஏற்றிக்கொண்டார்கள். பெண்கள், வெளிநாட்டுத் தொழிலாளிகள், முதல் நூலுக்குப் பதிப்பாளரிடம் பணம் கட்டச் சொல்லிக் கேட்கப்பட்டவர்கள் எனப் பலருக்கும் இது விடுதலையாகத்தான் இருந்தது. அச்சில் பத்து சதவீத உரிமைத்தொகை என்பது வழக்கு. கணக்கு காட்டப்படுகிறதா என்பது வேறு கதை. கிண்டிலில் எழுபது சதவீதம் என்றார்கள். நம்மவர்கள் வாயைப் பிளந்தது நியாயம்.

அந்த எழுபதுக்கு ஒரு நிபந்தனை உண்டு. இந்தியாவில் விற்கும் பிரதிக்கு எழுபது வேண்டுமென்றால் 'செலக்ட்' என்ற ஏற்பாட்டில் சேர வேண்டும், சேராவிட்டால் முப்பத்தைந்துதான். சேர்ந்தால் தொண்ணூறு நாள் அந்த மின்னூலை வேறெங்கும் வைக்கக்கூடாது. தொண்ணூறு முடிந்தால் தானாகவே அடுத்த தொண்ணூறு. உங்கள் சொந்தக் கவிதையை நண்பரின் தளத்தில் இலவசமாகக் கொடுப்பதும் ஒப்பந்த மீறல். அந்த மொட்டைமாடிக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது பலருக்கும் புதிய செய்தியாக இருந்தது.

கூலி கணக்கிடும் முறை இதைவிடச் சுவாரசியம். மாதச் சந்தா கட்டி எத்தனை நூல் வேண்டுமானாலும் படிக்கும் திட்டம் 2015 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தது. அதில் எழுத்தாளருக்குப் பணம், புத்தகத்துக்கு இவ்வளவு என்று வருவதில்லை. வாசகர் படித்த பக்கத்துக்கு இவ்வளவு என்று வருகிறது. ஒரு பக்கத்துக்கு எவ்வளவு என்பதை ஒவ்வொரு மாதமும் நிறுவனம் ஒதுக்கும் மொத்தத் தொகை தீர்மானிக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் பனியனுக்குக் கை வைத்துத் தைக்கிறவர்களைக் கேளுங்கள், இதற்குப் பெயர் பீஸ் ரேட்டு. உருப்படிக் கூலி, மேஸ்திரி தலைமேல் நிற்க வேண்டிய அவசியத்தை எப்படி இல்லாமல் செய்கிறது, தொழிலாளியே தன்னை எப்படி விரட்டிக்கொள்கிறார் என்று மார்க்ஸ் 'மூலதனம்' முதல் பாகத்தில் ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கிறார். அவர் பார்க்காத ஒன்று இங்கே நடக்கிறது. தைத்து முடித்த துணியை யாரோ உடுத்தி நடந்தால்தான், அதுவும் நடந்த தூரத்துக்குத்தான், கூலி.

இது எழுத்தை என்ன செய்யும்? அறுபத்துநாலு பக்கக் கவிதைத் தொகுதி கடைசிவரை படிக்கப்பட்டாலும் அறுபத்துநாலு பக்கக் கூலிதான். அதை ஒருவர் பத்து வருடம் திரும்பத் திரும்பப் படிக்கலாம். அந்த மறுவாசிப்புக்குக் காசு கிடையாது, முதல் தடவைக்கு மட்டும்தான். எண்ணூறு பக்கத் தொடர்கதை, ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் ஒரு கொக்கி, நிறையக் கூலி. இத்தகைய கதைகளை எழுதுகிறவர்கள்மேல் எனக்கு எந்த வசையும் இல்லை. பொதுவாகப் பெண்கள் எழுதிப் பெண்கள் படிக்கும் அந்த உலகத்தை நம் விமர்சகர்கள் ஏறெடுத்தும் பார்க்காதது நம்முடைய ஆணவம். ஆனால் நின்று, மடக்கி வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்க்கச் செய்கிற எழுத்துக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. வாசகர் நிற்கிற இடம் நிறுவனத்தின் ஏட்டில் நஷ்டமாகப் பதிவாகிறது. நல்ல எழுத்துக்கோ அதுதான் லாபம்.

பதிவாகிறது என்று சொன்னேன். எந்தப் பக்கத்தில் எப்போது நின்றீர்கள், எந்த வரிக்கு அடிக்கோடிட்டீர்கள், எதைப் பாதியில் விட்டீர்கள், எல்லாம் போகிறது. பலர் கோடிட்ட வரிகளை மற்றவர்களுக்கும் காட்டுகிற ஏற்பாடே உண்டு. நாம் பிரதியை வாசிக்கிறோம், பிரதி நம்மை வாசிக்கிறது என்று எண்பதுகளில் அமைப்பியல் பேசியவர்கள் ரொம்பத் தத்துவார்த்தமாகச் சொல்லிவந்தார்கள். இப்படி அச்சுஅசலாகப் பலிக்கும் என்று எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். இயக்கத்தில் இருக்கிற தோழர்களுக்கு இது சும்மா ஒரு சிலேடை இல்லை. பீமா கோரேகான் வழக்கில் ரோனா வில்சனின் கணினிக்குள் தீங்குநிரல் வழியாக ஆவணங்கள் சொருகப்பட்டிருந்தன என்று ஆர்சனல் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் 2021இல் அறிக்கை கொடுத்தது. அது கணினி, இது வாசிப்பான் என்று சொல்லலாம். தாள் புத்தகத்துக்குள் ராத்திரியில் யாரும் தூர இருந்து ஒரு அத்தியாயத்தைச் சேர்த்துவிட முடியாது என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன். மறுபக்கமும் உண்டு: எழுபத்தாறாம் நம்பர் பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு பெண் பெரியாரையோ காமத்துப்பாலையோ படித்தால், அட்டையைப் பார்த்து முறைக்க எவனாலும் முடியாது. ஒரு தோழி இதற்காகவே வாங்கியதாகச் சொன்னார்.

கடைசியாகப் பூட்டு. கிண்டிலில் நாம் 'வாங்குவது' புத்தகத்தை இல்லை, படிப்பதற்கான உரிமத்தை. 2009 ஜூலையில், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாசகர்களின் கருவியில் ஏற்கனவே இருந்த ஆர்வெல்லின் '1984'ஐயும் 'விலங்குப் பண்ணை'யையும் அமெசான் தூர இருந்தே அழித்தது. பணம் திரும்பியது, நிறுவனமும் மன்னிப்புக் கேட்டது. 2019இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்கள் எல்லாம் மறைந்தன. அங்கேயும் பணம் திரும்பியது. பணத்தைத் திருப்பினால் புத்தகம் திரும்பியதாகிவிடும் என்பது வணிகனின் தர்க்கம். 2025 பிப்ரவரியில், வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியாக மாற்றிக்கொள்ளும் வழியையும் மூடினார்கள். இந்தியக் கணக்கில் வாங்கிய ஒரு நூலை நண்பருக்கு இரவலாக அனுப்ப வழி கிடையாது. கருவியையே தூக்கிக் கொடுக்கலாம். கொடுத்தால் மொத்த நூலகமும் அவரோடு போகும். பத்தாயிரம் ரூபாயை ஒட்டியோ மேலாகவோ விலையுள்ள சாமானை இரவல் கொடுக்கிற பெருந்தன்மை நம்மில் யாருக்கு?

அயோத்திதாசர் 1907இல் ராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர். விலையையே பெயராக வைத்த பத்திரிகை. யார் கையில் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தலைப்பிலேயே அறிவித்துவிட்ட பத்திரிகை. அதன்பின் பல பத்தாண்டுகள் நம் இலக்கிய வரலாறுகளும் அரசியல் வரலாறுகளும் அவரை மறந்தன, இல்லை, மறக்கவைத்தன. ஞான.அலாய்சியஸ் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வந்தபோது நம் காலத்தின் சிந்தனை வரைபடமே மாறியது. எப்படி முடிந்தது? யாரோ சிலர் வீட்டுப் பெட்டியில் அந்தப் பழைய தாள்களை வைத்திருந்தார்கள், கேட்டபோது கொடுத்தார்கள். கணக்கு முடக்கப்பட்டு, நிறுவனமே இல்லாமல்போன பூட்டிய கோப்பாக அது இருந்திருந்தால் எந்தப் பெட்டியைத் திறந்திருப்போம்? இதைச் சொன்னபிறகு அந்த இளம் தோழர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு அவரே ஒன்று சொன்னார், அது முக்கியம்: ஏற்றும்போதே பூட்டு வேண்டுமா வேண்டாமா என்று எழுதியவரைக் கேட்கிறார்கள், வேண்டாம் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னவர் நம் வட்டத்தில் எத்தனை பேர் என்று கேட்டேன். ஒருவரும் கையைத் தூக்கவில்லை. "திருடிடுவாங்கன்னு பயம்" என்றார் ஒரு நாவலாசிரியர்.

அந்தப் பயம் பொய்யில்லை. 2020 ஊரடங்கில் தமிழ் நூல்கள் பி.டி.எப். கோப்பாக டெலிகிராமிலும் வாட்ஸப்பிலும் கொட்டின. முந்நூறு பிரதி விற்றால் அடுத்த நூலுக்குக் காகிதம் வாங்கும் சிறுபதிப்பாளரின் வயிற்றில் அது அடி. இதை இரவலோடு சேர்த்துப் பேசக்கூடாது. இரவலில் ஒரு பிரதி ஒருநேரத்தில் ஒருவர் கையில் இருக்கும். கொடுத்தவர் கை வெறுங்கை. கொடுப்பதில் ஒரு இழப்பு, திரும்பி வருமா என்று ஒரு கவலை, வராவிட்டால் ஒரு சண்டை, ஆக ஒரு உறவு. பி.டி.எப். அனுப்புகிறவருக்கு எந்த இழப்பும் இல்லை. பெறுகிறவர் பெரும்பாலும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. 'ஆயிரம் புத்தகம் வச்சிருக்கேன் தோழர்' என்று கைப்பேசியைக் காட்டுகிற ஜம்பத்துக்கும் அலமாரி ஜம்பத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் திருட்டைக் காட்டி எல்லோரும் பூட்டின் பின்னால் போய் நிற்பதும் தீர்வாகாது. நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அதைப் பற்றி எழுத்தாளர்களும் பேசுவதில்லை, பதிப்பாளர்களும் பேசுவதில்லை. அது பொது நூலகம்.

பொது நூலகங்களுக்கென்று இந்தியாவில் முதலில் சட்டம் இயற்றிய மாகாணம் சென்னை, 1948இல். வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி கட்டுகிறோம். வாடகைக்கு இருப்பவரும் வீட்டுக்காரர் வழியாக அதைக் கட்டத்தான் செய்கிறார். அந்தப் பணத்தில் தாள் புத்தகம் வாங்க ஆணை உண்டு; தாமதமாகவாவது வாங்குகிறார்கள். அதே பணத்தில் தமிழ் மின்னூல்களுக்குப் பதிப்பாளரிடம் நியாயமான விலை கொடுத்து வாங்கி, உறுப்பினர்களுக்கு ஒருநேரத்தில் ஒருவருக்கு என்று, அவரவர் கைப்பேசிக்கே இரவல் கொடுத்தால் என்ன? கைப்பேசி என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். கிண்டில் கருவியை வைத்து இந்த விவாதத்தை நடத்துவதே ஒரு நடுத்தர வர்க்கப் பிரமை. எஸ்டேட்டில் ஷிப்டு முடித்துவிட்டுப் பஸ்ஸில் போகிற ஒப்பந்தத் தொழிலாளியின் மின்வாசிப்பான் அவர் சட்டைப்பையில் ஏற்கனவே இருக்கிறது. திரை கீறல் விட்டிருக்கும், கண் எரியும், நடுவில் ஆயிரம் அறிவிப்பு வந்து இழுக்கும், படிக்கத்தான் செய்கிறார். முன்பு டீக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள், திராவிட இயக்கத்துப் படிப்பகங்கள் அப்படி நடந்தன. அந்தப் பத்துப் பேர் இப்போது பத்துத் திரைக்குள் இருக்கிறார்கள். அவர்களை மறுபடி ஒரு பெஞ்சில் உட்காரவைக்கக் கருவியால் ஆகாது, அதற்கு ஆள் வேண்டும்.

பதினேழு இதழ்கள் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த கூட்டத்தில் நான் வைக்கப்போகும் யோசனை இதுதான். பக்கங்களை இருந்தது இருந்தபடி வருடிப் படமாகவும் வைப்போம், கவிதைகளின் வரி உடையாமல் இருக்க. கூடவே ஒருங்குறியில் தட்டச்சும் செய்வோம், காதால் வாசிக்கிறவர்களுக்காக. பழைய டி.டி.பி. கோப்பு கிடைத்தாலும் அப்படியே ஆகாது. அந்தக் கால எழுத்துருவை மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறி விழும், வரிக்கு வரி திருத்த வேண்டும். யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்று பூட்டில்லாமல் இரண்டு மூன்று இடங்களில் வைப்போம். கிண்டிலிலும் வைக்கலாம், செலக்டில் சேராமல், பூட்டுப் போடாமல், முப்பத்தைந்து சதவீதம் போதும். எழுதியவர்களிடம் எழுத்து மூலமாக அனுமதி வாங்க வேண்டும். நாலைந்து பேர் இறந்துவிட்டார்கள், குடும்பத்தாரைத் தேட வேண்டும். ஒருவர், அப்போது எழுதியது எதுவும் இனி வேண்டாம் என்று ஏற்கனவே சொல்லிவிட்டார். அவருடைய கட்டுரை இல்லாமல் வரும். மூத்த கவிஞர் பிழை திருத்தித் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார், தாளில் அச்செடுத்துக் கொடுத்தால்.

ஒன்பதாம் இதழ் மட்டும் முழுசாகக் கிடைக்கவில்லை. எங்களிடம் இருப்பதில் இருபத்தைந்தாம் பக்கத்திலிருந்து முப்பத்திரண்டுவரை இல்லை. சிறுகதை ஒன்று நடுவில் அறுந்து நிற்கிறது. யாரிடமாவது இருந்தால் இரவல் கொடுங்கள். வருடிக்கொண்டு ஒரு வாரத்தில் திருப்பித் தருகிறோம்.